1 மணி நேரம் நடந்தால் 6 மணி நேரம் ஆயுள் கூடுமா? வாக்கிங் புள்ளிவிவரங்களை எவ்வளவு நம்பலாம்?

காலையில வாட்ஸ்அப்பைத் திறந்தா "குட் மார்னிங்" படத்துக்கு அடுத்து வர்றது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு செய்திதான். "ஒரு மணி நேரம் நடந்தா 6 மணி நேரம் ஆயுள் கூடும்." "7 ஆயிரம் ஸ்டெப்ஸ் நடந்தா இறப்பு அபாயம் 47% குறையும்." "தினமும் 10 ஆயிரம் ஸ்டெப்ஸ் கட்டாயம்."

இதெல்லாம் யாரோ கிளப்பிவிட்ட வதந்தின்னு நினைச்சுடாதீங்க. முதல் இரண்டும் பெரிய மருத்துவ இதழ்களில் வெளியான ஆய்வுகளில் இருந்து வந்த எண்கள். ஆனா ஆய்வுக் கட்டுரையில் இருந்து கிளம்பி நம்ம போனுக்கு வந்து சேர்றதுக்குள்ள அந்த எண்ணோட அர்த்தம் மாறிடுது. அதனால நஷ்டம் யாருக்குன்னா, மூட்டு வலியைப் பொறுத்துக்கிட்டு 10 ஆயிரத்தை எட்டியே ஆகணும்னு நடக்கிற 70 வயசுக்காரருக்கு. "அவ்வளவு நம்மால முடியாது"ன்னு நடக்கிறதையே விட்டவங்களுக்கு. "நான்தான் தினமும் நடக்கிறேனே, பிபி மாத்திரை எதுக்கு?"ன்னு தானாவே மாத்திரையை நிறுத்திட்டவங்களுக்கு.

அப்போ எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

10 ஆயிரம் ஸ்டெப்ஸ் எங்கிருந்து வந்தது?

இது எந்த ஆய்வில் இருந்தும் வந்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் பரவியிருந்த நேரம். 1965-ல் யமாசா என்ற கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கெய்'. தமிழில் சொன்னால் '10 ஆயிரம் அடி மானி'. ஒரு பொருளோட பெயர், அவ்வளவுதான். ஆனா அந்த முழு எண் மனசுல நல்லா ஒட்டிக்கிட்டதால இன்னைக்கு ஸ்மார்ட் வாட்ச் வரைக்கும் வந்துடுச்சு. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் தூரத்தையும் ஸ்டெப்ஸா மாத்திப் பார்த்தா, கிட்டத்தட்ட இதே 10 ஆயிரத்துக்குப் பக்கத்துலதான் வரும்.

விளம்பரத்தில் இருந்து வந்தது என்பதாலேயே அந்த எண் தப்புன்னு சொல்லிட முடியாது. அதைச் சோதிச்சுப் பார்க்கணும். ரொம்ப வருஷம் யாரும் ஒழுங்கா சோதிக்கலை.

சோதித்தபோது என்ன கிடைத்தது?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ என்ற தொற்றுநோயியல் நிபுணர் தலைமையிலான குழு, 2019-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களுக்கு ஒரு வாரம் காலடி எண்ணும் கருவியைக் கொடுத்தார்கள். பிறகு சராசரியாக 4.3 ஆண்டுகள் அவர்களைக் கண்காணித்தார்கள். அதற்குள் 504 பேர் இறந்திருந்தனர்.

நடந்த அளவை வைத்து அந்தப் பெண்களை நான்கு சம குழுக்களாகப் பிரித்தார்கள். ரொம்பக் குறைவா, அதாவது நாளுக்கு சுமார் 2,700 ஸ்டெப்ஸ் நடந்த குழுவில் இறந்தவர்கள் 275 பேர். சுமார் 4,400 ஸ்டெப்ஸ் நடந்த அடுத்த குழுவில் 103 பேர். அதற்கடுத்த இரண்டு குழுக்களிலும் 77, 49.

275 எங்கே, 103 எங்கே? அப்படியே ஒப்பிட்டா 60 சதவீதத்துக்கும் மேல வித்தியாசம். ஆனா ஆய்வாளர்கள் சொன்ன எண் 41 சதவீதம்தான். ஏன் குறைஞ்சது? குறைவா நடந்த குழுவில் வயசானவங்களும் நோயாளிகளும் அதிகம். வயது, சிகரெட் பழக்கம், ஏற்கெனவே இருக்கிற நோய்கள் இதையெல்லாம் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகுதான் அந்த 41. அதாவது, முதலில் தெரிஞ்ச வித்தியாசத்தில் ஒரு பங்கு நடையால வந்ததே இல்லை.

இந்த இடத்துலதான் ஒரு முக்கியமான கேள்வி வருது. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயங்களைச் சரிசெய்ததுக்கே எண் இவ்வளவு இறங்கிடுச்சு. அப்போ கேட்காத விஷயங்கள்? இன்னும் கண்டுபிடிக்கப்படாத நோய், வருமானம், வீட்டில் கவனிச்சுக்க ஆள் இருக்கா இல்லையா, மனநிலை... இதையெல்லாம் முழுசா அளந்துட்டா 41 இன்னும் எவ்வளவு இறங்கும்? யாராலும் சொல்ல முடியாது. லீ குழு இதை உணர்ந்தேதான் இருந்தது. உடல்நிலை சரியில்லைன்னு சொன்னவங்களை விலக்கிட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தது, முடிவு பெரிசா மாறலை. நல்ல ஆய்வுக்கு இதுதான் அடையாளம். ஆனாலும் அது சந்தேகத்தைக் குறைக்கும், முழுசா தீர்க்காது.

இதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. நாளுக்கு சுமார் 7,500 ஸ்டெப்ஸ் தாண்டினதுக்கு அப்புறம் கூடுதல் பலன் எதுவும் தென்படலை. 2022-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் 15 ஆய்வுகளை, மொத்தம் 47,471 பேரின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே மாதிரிதான் வந்தது. 60 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு 6 ஆயிரத்தில் இருந்து 8 ஆயிரம் வரை, அதற்குக் கீழே உள்ளவங்களுக்கு 8 ஆயிரத்தில் இருந்து 10 ஆயிரம் வரை போனதும் கோடு படுத்துடுது.

நடக்கிறதால ஆரோக்கியமா, ஆரோக்கியமா இருக்கிறதால நடக்கிறாங்களா?

மொத்தப் பிரச்னையோட வேர் இதுதான். இதுக்கு 70 வருஷத்துக்கு முந்தைய ஒரு லண்டன் கதை இருக்கு.

ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் போக்குவரத்துத் துறை ஊழியர்கள் சுமார் 31 ஆயிரம் பேரின் இதய நோய் விவரங்களை ஆராய்ந்தார். டபுள் டெக்கர் பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டே இருப்பார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவுன்னு 1953-ல் 'லான்செட்' இதழில் அவர் கட்டுரை வெளியானது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்குன்னு எண்ணிக்கையோட காட்டிய முதல் பெரிய ஆய்வு இது.

மாரிஸ் அதோட நிறுத்தலை. தன் முடிவையே சந்தேகப்பட்டார். ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களோட பேன்ட் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிசா இருந்தது. வருஷக்கணக்கா உட்கார்ந்து ஓட்டினதால தொப்பை போட்டிருச்சுன்னு சொல்லலாம். ஆனா இளம் வயது டிரைவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது! அப்படின்னா, கனமான உடம்பு உள்ளவங்கதான் டிரைவர் வேலைக்குப் போயிருக்காங்கன்னும் அர்த்தம் வரும். 1956-ல் அதையும் அவரே வெளியிட்டார். பிறகு இடுப்பளவு ஒரே மாதிரி இருந்தவங்களை ஒப்பிட்டுப் பார்த்தப்பவும் கண்டக்டர்களுக்கு ஆபத்து குறைவாவே இருந்தது. சந்தேகம் நியாயமானது, ஆனா முடிவு அதைத் தாண்டி நின்னுது. இன்னைக்கு வர்ற ஆய்வுகளில் பலவும் இந்த 'பேன்ட் சோதனை'யில் எவ்வளவு தேறும்னு கேட்டுப் பார்க்கிறது தப்பில்லை.

நடை வேகத்திலும் இதே சிக்கல்தான். 2011-ல் 'ஜாமா' இதழில் 65 வயதைத் தாண்டிய 34,485 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. 75 வயது ஆண்களில், ரொம்ப மெதுவா நடக்கிறவங்க அடுத்த 10 வருஷம் உயிரோட இருக்கிற வாய்ப்பு 19%. ரொம்ப வேகமா நடக்கிறவங்களுக்கு 87%. அடேங்கப்பான்னு தோணும். ஆனா நாளையில இருந்து வேகமா நடந்தா 19 எல்லாம் 87 ஆயிடாது. இதயம், நுரையீரல், நரம்பு, மூட்டு எல்லாம் நல்லா இருக்கிறவரால வேகமா நடக்க முடியுது. காரோட ஸ்பீடோமீட்டர் முள்ளை விரலால தள்ளிவிட்டா வண்டி வேகமா போகுமா என்ன?

47% குறையும் என்றால் என்ன அர்த்தம்?

2025 ஜூலையில் இதே 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் சிட்னி பல்கலைக்கழகத்தின் டிங் டிங் தலைமையிலான குழு 57 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. நாளுக்கு 2 ஆயிரம் ஸ்டெப்ஸ் நடக்கிறவங்களோட ஒப்பிட்டா, 7 ஆயிரம் நடக்கிறவங்களுக்கு இறப்பு அபாயம் 47% குறைவு என்பதுதான் அதில் எல்லா இடத்திலும் தலைப்பான வரி.

இதைப் படிச்சதும் "ஆயுள் 47% கூடும்" அல்லது "100 பேர்ல 47 பேர் தப்பிச்சுடுவாங்க"ன்னு நிறைய பேர் புரிஞ்சுக்கிறாங்க. ரெண்டும் இல்லை. இது ஒப்பீட்டு அபாயம். ஒரு உதாரணத்துக்கு, அதிகம் நடக்காத 40 வயசுக்காரங்க ஆயிரம் பேர்ல ஒரு வருஷத்தில் 2 பேர் இறக்கிறதா வெச்சுக்குவோம். 47% குறைஞ்சா அது 1 ஆகும். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வித்தியாசம். அதுவே 78 வயசுக்காரங்க ஆயிரம் பேர்ல 60 பேர் இறக்கிறதா வெச்சுக்கிட்டா, அது 32 ஆகும். ஆயிரத்தில் 28 பேருக்கு வித்தியாசம். சதவீதம் ஒண்ணுதான், ஆனா ரெண்டும் ஒண்ணா? "எதில் இருந்து குறைஞ்சது?"ன்னு சொல்லாத சதவீதத்தை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. "90% தள்ளுபடி"ன்னு போர்டு மாட்டி விலையை மட்டும் மறைச்சு வெச்ச துணிக்கடை மாதிரிதான்.

இன்னொண்ணு, ஒப்பிட்டது யாரோட? 2 ஆயிரம் ஸ்டெப்ஸ் மட்டும் நடக்கிறவங்களோட. வீட்டுக்குள்ள சமையல், கடை கண்ணி, பஸ் ஸ்டாப்னு நடக்கிற பலர் தெரியாமலே இதைத் தாண்டியிருப்பாங்க. அவங்களுக்கு இந்த 47 பொருந்தாது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியாவில் நடந்தவை என்பதையும் மறந்துடக் கூடாது. மே மாச வெயில்ல திருச்சியில நடக்கிறதும் சிட்னி கடற்கரையில நடக்கிறதும் ஒண்ணு இல்லை.

1 மணி நேரத்துக்கு 6 மணி நேரம்: அந்தக் கணக்கு எப்படிப் போட்டாங்க?

சுற்றி வர்ற எண்களிலேயே ரொம்பக் கவர்ச்சியானதும், ரொம்பப் பலவீனமானதும் இதுதான்.

2024 நவம்பரில் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது. 40 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களில் மிகக் குறைவாக உடலுழைப்பு செய்யும் 25 சதவீதத்தினர் கூடுதலாக ஒரு மணி நேரம் நடந்தால், சுமார் 376 நிமிடம், அதாவது 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆயுள் கிடைக்கலாம் என்றார்கள். எல்லா அமெரிக்கர்களும் முதல் 25 சதவீதத்தினர் அளவுக்கு உழைத்தால் சராசரியா 5.3 ஆண்டு கூடலாம் என்றும் கணக்கிட்டார்கள். அந்த முதல் 25 சதவீதத்தினரின் உழைப்பு என்பது தினமும் 160 நிமிட சாதாரண நடைக்குச் சமம். ஏறக்குறைய ரெண்டே முக்கால் மணி நேரம்!

முதல்ல ஒரு எளிய சோதனை. ஒரு மணி நேரத்துக்கு 6 மணி நேரம்னா, தினமும் 4 மணி நேரம் நடந்தா 24 மணி நேரத்துக்கு மேல ஆயுள் கூடணும். அப்போ ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூடிக்கிட்டே போகும், சாவே கிடையாது! ஆய்வாளர்கள் இப்படிச் சொல்லலை. இருக்கிறதிலேயே குறைவா அசையறவங்களுக்கு மட்டும்தான் அந்த எண், நடக்க நடக்க பலன் குறைஞ்சுக்கிட்டே வரும்னு அவங்களே குறிப்பிட்டாங்க. ஃபார்வர்டு ஆகும்போது காணாமப் போனது அந்த வரிதான்.

அடுத்தது, யாரையும் கூடுதலா நடக்க வெச்சு "இவர் இவ்வளவு நாள் கூடுதலா வாழ்ந்தார்"னு இதுல பார்க்கவே இல்லை. 2003-ல் இருந்து 2006 வரை அமெரிக்காவில் இடுப்புக் கருவி வைத்து எடுத்த அளவுகளை, 2017-ம் ஆண்டின் இறப்பு விவரங்களோடு சேர்த்து, ஆயுள் அட்டவணை போட்டு, கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்கள். அதிகம் நடக்கிறவங்களுக்கும் நடக்காதவங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உடலுழைப்பால் வந்ததுன்னு எடுத்துக்கிட்டாதான் இந்தக் கணக்கு நிக்கும். மேலே பார்த்த லண்டன் பேன்ட் விவகாரம் ஞாபகம் இருக்கா? அந்தக் கேள்விக்கு இங்கே முழுப் பதில் இல்லை. கணக்கு தப்பில்லை, அது நிக்கிற அடித்தளம்தான் ஆட்டம் காணுது.

எதிர்ப்பக்கமும் இப்படி ஏமாந்திருக்காங்க. 2015-ல் "அதிகமா ஓடினா ஓடாதவங்களுக்குச் சமமா ஆபத்து"ன்னு உலகம் முழுக்கச் செய்தி வந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,098 ஓட்டப்பயிற்சியாளர்களைக் கண்காணித்த ஆய்வு அது. அதில் 'கடுமையா ஓடுறவங்க' குழுவில் இறந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 2 பேர்.

அப்போ நேரடியா சோதிச்சே பார்க்கலாமே?

பார்த்தாங்க. மருந்துகளைச் சோதிக்கிற மாதிரி, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்ப்பதுதான் வலுவான முறை. நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் 70 முதல் 77 வயது வரையிலான 1,567 பேரை வைத்து 5 ஆண்டுகள் இப்படி ஒரு சோதனை நடந்தது. 'ஜெனரேஷன் 100' என்று பெயர். 2020-ல் 'பிஎம்ஜே' இதழில் முடிவு வந்தது. பயிற்சி கொடுத்த குழுக்களில் இறந்தவர்கள் 4.5%, கொடுக்காத குழுவில் 4.7%. வித்தியாசமே இல்லைன்னு சொல்லலாம்.

உடனே "நடக்கிறது வேஸ்ட்"னு முடிவு பண்ணிடாதீங்க. பயிற்சி கொடுக்காத குழுவில் இருந்தவங்களும் அரசு சொன்ன உடற்பயிற்சி அளவைப் பின்பற்றினாங்க, நல்லாவே நடந்தாங்க. சோதனைக்கு முன்வந்தவங்களே சராசரியைவிட ஆரோக்கியமானவங்க. மொத்தம் இறந்ததே 72 பேர். இவ்வளவு குறைவான எண்ணிக்கையை வெச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.

மரபணு சம்பந்தமான சந்தேகத்துக்கு பின்லாந்தில் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். யுவாஸ்குலா பல்கலைக்கழகக் குழு 22,750 இரட்டையர்களிடம் 1975, 1981, 1990 ஆகிய ஆண்டுகளில் உடற்பயிற்சி பற்றிக் கேட்ட பதில்களையும், 2020 வரையிலான இறப்பு விவரங்களையும் எடுத்துக்கொண்டது. சிகரெட், மது, உடல் எடை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு மிஞ்சிய பலன் அதிகபட்சம் சுமார் 7 சதவீதம். 47 எங்கே, 7 எங்கே! ஆனா இதையும் அப்படியே எடுத்துக்கக் கூடாது. வாய்மொழியா "எவ்வளவு நடப்பீங்க?"ன்னு கேட்டா வர்ற பதில் அவ்வளவு துல்லியமா இருக்காது. நடந்தா எடை குறையுது, எடை குறைஞ்சா ஆயுள் கூடுதுன்னு வெச்சுக்கிட்டா, எடையைச் சரிசெய்யும்போது நடையோட பலனில் ஒரு பங்கையும் சேர்த்தே கழிச்சுடுறோம். உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ இருக்கு என்பதுதான் என் மதிப்பீடு.

நம்பக்கூடிய எண்கள் இருக்கா?

இருக்கு. ஆனா அதெல்லாம் ஆயுளைப் பற்றியது இல்லை, அதனாலதான் வைரல் ஆகலை.

ஒண்ணு நம்ம சென்னையிலேயே நடந்தது. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வர்றதுக்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடும், தினமும் குறைந்தது அரை மணி நேர நடையும் அறிவுறுத்தப்பட்டது. 2006-ல் 'டயபெட்டாலஜியா' இதழில் வெளியான முடிவுப்படி, 3 ஆண்டுகளில் எந்த அறிவுரையும் தராத குழுவில் 55% பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவு, நடை குழுவில் 39.3%. ஆறேழு பேர் இதைப் பின்பற்றினா அதில் ஒருவருக்கு அந்தக் காலத்துக்குள் நோய் வராம தடுக்கலாம்னு அர்த்தம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவிலும் 40.5% என்று கிட்டத்தட்ட அதே பலன்தான். இதுல நடைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. ஆனா நம்ம ஊர், நம்ம சாப்பாடு, நம்ம ஆளுங்க, குலுக்கல் முறை.

இன்னொண்ணு அமெரிக்காவில் நடந்த 'லைஃப்' சோதனை. 70 முதல் 89 வயது வரை, அதிகம் அசையாம இருந்த 1,635 பேர். பாதிப் பேருக்கு நடையை மையமாக வைத்த பயிற்சி, மீதிப் பேருக்கு ஆரோக்கியம் பற்றிய வகுப்பு. சராசரியா 2.6 ஆண்டுகள். 2014-ல் 'ஜாமா' இதழில் வந்த முடிவில் இறப்பு குறையவே இல்லை. சொல்லப்போனா பயிற்சி எடுத்த குழுவில் 48 பேர், மற்ற குழுவில் 42 பேர். அந்த வித்தியாசம் தற்செயலா வரக்கூடியதுதான்.

ஆனா அந்தச் சோதனை முக்கியமா பார்க்க வந்த கேள்வி வேற. 400 மீட்டர் தூரத்தை உட்காராம, யார் துணையும் இல்லாம நடந்து கடக்க முடியுதா? வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 35.5% பேர் அந்தத் திறனை இழந்தார்கள். நடைப்பயிற்சி எடுத்தவர்களில் 30.1%. 400 மீட்டர்னா தெருமுனைக் கடை வரைக்கும், கோயில் வரைக்கும், பஸ் ஸ்டாப் வரைக்கும்னு வெச்சுக்கலாம். ஏறக்குறைய 18 பேர் நடந்தா, அதில் ஒருவர் அந்த இடங்களுக்கு இன்னொருத்தர் கையைப் பிடிக்காம போய்வர முடியும். அவங்களுக்குக் கொடுத்த இலக்கு வாரத்துக்கு 150 நிமிஷ நடை, கூடவே கொஞ்சம் கால் வலுப்பயிற்சி. ஸ்டெப்ஸ் எண்ணிக்கை எதுவும் இல்லை. 400 மீட்டரை 15 நிமிஷத்தில் கடக்க முடிஞ்சவங்களைத்தான் சேர்த்தாங்க. உங்க வீட்டுப் பெரியவருக்கு அதுவே கஷ்டம்னாலோ, நடக்கும்போது நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, வாட்ச்ல எத்தனை காட்டுதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. போட்டுக்கிட்டிருக்கிற பிபி, சர்க்கரை மாத்திரையைக் குறைக்கணுமா வேண்டாமான்னும் அவர்கிட்டதான் கேட்கணும்.